பெயர் சொல்லித் துதிப்பது

சங்கீதம் 136-ஐச் சபையில் மாறிமாறி வாசிக்கும்போது 19, 20 வசனங்களில் குரல்கள் கொஞ்சம் தடுமாறும். வானம், பூமி, சூரியன், சந்திரன், செங்கடல் என்று பெரிய காரியங்களாகச் சொல்லிக்கொண்டு வந்த பாட்டில் திடீரென்று இரண்டு மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. எமோரியரின் ராஜா சீகோன், பாசானின் ராஜா ஓக். இஸ்ரவேல் ஜனங்கள் வனாந்தரம் தாண்டி வந்தபோது வழிவிட மறுத்தும் படை திரட்டியும் எதிரே நின்றவர்கள். அதற்கு முந்தின இரண்டு வசனங்களே "பெரிய ராஜாக்கள்", "பிரபலமான ராஜாக்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டன. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பாட்டு யார் யார், எந்த நாடு என்று பெயரெடுத்துச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாக "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சபையைப் பதில் சொல்ல வைக்கிறது.

நம் அன்றாடத் துதியில் குறைவது இந்தப் பெயர்கள்தான். "இம்மட்டும் காத்து வந்த தயவுக்காக ஸ்தோத்திரம், நல்ல சுகம் பெலன் தந்ததற்காக ஸ்தோத்திரம், உண்ண உணவும் உடுக்க உடையும் தந்தீரே ஸ்தோத்திரம்." ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் இதையே வருஷம் முழுவதும் சொன்னால் வாய் ஒரு பக்கம் போகும், மனது ஒரு பக்கம் போகும். பாதி ஜெபத்தில் மாவு அரைக்கப் போடாதது ஞாபகம் வரும். இது பக்தி குறைந்துவிட்டதற்கு அடையாளம் என்று பலர் மனம் நோகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத வார்த்தையில் மனது நிற்காது. சங்கீதம் 103 "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்கிறது. மறதிக்கு எதிராகத்தான் துதி. குறிப்பான காரியத்தைத்தான் மறக்கவும் முடியும், நினைக்கவும் முடியும்.

அதனால் வீட்டில் முதலில் செய்து பார்க்க வேண்டியது, சங்கீதம் 136-இன் அமைப்பை எடுத்து உங்கள் வீட்டுக்கு ஒரு சங்கீதம் கட்டுவது. அந்தப் பாட்டில் 26 வசனங்கள். 4 முதல் 9 வரை படைப்பு. 10 முதல் 22 வரை அந்த ஜனங்களின் சொந்தச் சரித்திரம். 23, 24 தாழ்ந்துபோன காலம். 25-இல் சாப்பாடு. வீட்டுக்கு அத்தனை தேவையில்லை. படைப்பிலிருந்து இரண்டு, குடும்பச் சரித்திரத்திலிருந்து மூன்று, தாழ்வு ஒன்று, அன்றைய சாப்பாடு ஒன்று, ஆக ஏழு வரி போதும். ஒருவர் வரியைச் சொல்ல, மற்றவர்கள் எல்லாரும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்ல வேண்டும். கடற்கரைப் பக்கத்து வீடு ஒன்றில் அது இப்படி இருக்கலாம்:

ராத்திரி மழையில் கிணற்றுத் தண்ணீரை ஒரு முழம் ஏறப்பண்ணினவரைத் துதியுங்கள். பட்டுப்போனது என்று நினைத்த முருங்கையில் பூ வைத்தவரைத் துதியுங்கள். தாத்தாவைப் புயலிலிருந்து கரைசேர்த்தவரைத் துதியுங்கள். பாட்டிக்குப் பீடி சுற்றும் வேலை கொடுத்து ஐந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தவரைத் துதியுங்கள். பெரியம்மாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டரின் கையை நடத்தினவரைத் துதியுங்கள். கடன்காரர் வாசலில் நின்ற மாதத்தில் நம்மை நினைத்தவரைத் துதியுங்கள். இன்றைக்குச் சாளைமீன் குழம்பு கொடுத்தவரைத் துதியுங்கள்.

முழுவதும் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகாது. ஆனால் இதைக் கேட்கிற ஏழு வயதுப் பிள்ளை "எந்தப் புயல்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது சாட்சி ஒரு தலைமுறை இறங்குகிறது. படைப்பு வரியும் சாப்பாட்டு வரியும் தினமும் மாற வேண்டும். சரித்திர வரிகள் வாரம் முழுவதும் அப்படியே இருக்கட்டும், பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகட்டும். தாழ்வைச் சொல்லும் வரியை மட்டும் யோசித்துச் சேர்க்க வேண்டும். வீட்டில் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கிற ஒன்றை, சம்பந்தப்பட்டவரைக் கேட்காமல் பாட்டில் வைக்கக்கூடாது. அவர் தயாராகும்போது அவரே சொல்வார்.

இனி நேரம். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். 119-ஆம் சங்கீதம் ஒரு நாளில் ஏழுதரம் என்கிறது. ஆதிச்சபையின் போதனை நூலான டிடாகே, கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. கத்தோலிக்க ஊர்களில் காலை, மதியம், மாலை என்று திரிகால மணி அடிக்கும். வயலில் நின்றாலும் வலை பின்னிக்கொண்டிருந்தாலும் கையை நிறுத்திச் செபம் சொல்லும் வழக்கம் அதோடு சேர்ந்தது. இவற்றில் ஒரு ஞானம் இருக்கிறது. ஞாபகம் வரும்போது துதிக்கலாம் என்று யாரும் விட்டுவிடவில்லை. வெளியிலிருந்து ஒன்று வந்து நம்மை நிறுத்த வேண்டும்.

மணி கேட்காத ஊரில் இருக்கிறவர்கள், எப்படியும் தினம் நடக்கிற ஒரு வேலையோடு துதியைக் கட்டிவிடலாம். காலையில் அடுப்புப் பற்றவைப்பது, வண்டியில் சாவி போடுவது, மதியம் டிபன் பாக்ஸ் திறப்பது, பிள்ளை பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்குவது, ராத்திரி வாசற்கதவைத் தாழ்ப்பாள் போடுவது. ஆரம்பத்தில் இரண்டு போதும். அந்த வேலை நடக்கும்போது ஒரே ஒரு வாக்கியம், வாய்விட்டு. அடுப்பு பற்றும்போது, "ஆண்டவரே, இந்த வீட்டில் இன்றைக்கும் சமைக்க ஆட்கள் இருக்கிறோம், உமக்கு ஸ்தோத்திரம்." தாழ்ப்பாள் போடும்போது, "போனவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டோம், ஸ்தோத்திரம்." சங்கீதம் 92 காலையில் கிருபையையும் இரவில் சத்தியத்தையும் அறிவிக்கச் சொல்கிறது. காலைத் துதி வரப்போகிற நாளை அவர் கையில் வைக்கும். இரவுத் துதி நடந்து முடிந்ததைப் பார்த்து, சொன்னபடி செய்தார் என்று கணக்குப் பார்க்கும். இரண்டுக்கும் ஒரே வார்த்தைகளைப் பயன்படுத்தினால் இரண்டும் வெளுத்துப்போகும்.

ஐந்து, ஆறு வேலைகளோடு ஒரே நாளில் கட்ட நினைப்பவர்கள் இரண்டாம் வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். இன்னொரு தடங்கல் போன். கண் விழித்தவுடன் வசனம் எழுதின படத்தைப் பத்துக் குரூப்புக்கு அனுப்பிவிட்டால் துதித்த திருப்தி வந்துவிடுகிறது. அனுப்புவது தவறில்லை. வாயைத் திறந்து ஒரு வாக்கியம் சொன்ன பிறகு அனுப்புங்கள்.

சொந்த வார்த்தைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். அதற்குத்தான் 150 சங்கீதங்கள் இருக்கின்றன. தேதியை வைத்து வாசிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. இன்றைய தேதியை எடுத்துக்கொண்டு முப்பது முப்பதாகக் கூட்டுங்கள். 13-ஆம் தேதி என்றால் 13, 43, 73, 103, 133. முப்பது நாளில் 150-உம் முடிந்துவிடும். சத்தமாக வாசிக்கச் சாதாரண நாளில் கால்மணி நேரம் பிடிக்கும். 29-ஆம் தேதி மட்டும் சிக்கல். 29, 59, 89-ஐத் தொடர்ந்து 176 வசனங்கள் கொண்ட 119 வந்து நிற்கும், அது ஒன்றுக்கே இருபது நிமிஷத்துக்கு மேல் வேண்டும். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவைக்கலாம். 31 இல்லாத மாதத்தில் அதன் 22 பகுதிகளில் இரண்டை மட்டும் வாசிக்கலாம், பகுதிக்கு எட்டு வசனம்தான். ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகம் வேறு விதமாகப் பிரித்திருக்கிறது. சங்கீதங்களை வரிசையாகவே எடுத்து, காலை மாலை என்று முப்பது நாளுக்குப் பங்கிட்டிருக்கிறது. முதல் நாள் காலை 1 முதல் 5, மாலை 6 முதல் 8. கடைசி நாள் மாலை 147 முதல் 150. 119-ஐ 24-ஆம் தேதி மாலையிலிருந்து 26-ஆம் தேதி மாலை வரை ஐந்து வேளைக்கு உடைத்திருக்கிறார்கள். கத்தோலிக்கர்களின் ஜெபப்புத்தகமான திருப்புகழ்மாலையில் சங்கீதங்கள் நான்கு வாரச் சுற்றாக வரும். எதுவானாலும் ஒன்றை எடுத்து ஆறு மாதம் மாற்றாமல் இருப்பது நல்லது.

தேதி முறையை நான் அதிகம் பரிந்துரைப்பதற்குக் காரணம் உண்டு. நம் மனநிலைக்கு ஏற்ற சங்கீதத்தைத் தேட அது விடாது. 28-ஆம் தேதி 88-ஆம் சங்கீதம் வரும். வேதத்திலேயே இருட்டான பாட்டு அது, இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் கிடையாது. அதே நாளில் அடுத்ததாக 118 வரும். பஸ்கா இரவில் யூதர்கள் பாடும் 113 முதல் 118 வரையான வரிசையின் கடைசிப் பாட்டு. ராப்போஜனம் முடிந்து, ஸ்தோத்திரப்பாட்டைப் பாடினபின்பு இயேசுவும் சீஷர்களும் ஒலிவமலைக்குப் போனார்கள் என்று மத்தேயு 26:30 சொல்கிறதே, அந்தப் பாட்டு இந்த வரிசைதான் என்பது பொதுவான கருத்து. கெத்செமனேக்குப் புறப்படுமுன் பாடின துதி. 88-ஐத் தாண்டாமல் 118-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளும் துதிக்கு வேர் பிடிக்காது.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் "ஸ்தோத்திர பலி ஆயிரம்" என்று ஒரு சிறு புத்தகம் ஜெப அலமாரியில் கிடக்கும். தேவனுடைய நாமங்களும் குணங்களும் செயல்களும் வேதத்திலிருந்து எடுக்கப்பட்டு, எண் போட்டு, ஒவ்வொன்றும் "ஸ்தோத்திரம்" என்று முடியும். இந்த வழக்கத்தைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள், இயேசு கண்டித்த வீண்வார்த்தை அலப்புதல் என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஜெபிக்கத் தெரியாமல் நிற்கிற ஒருவர் வாயில் ஆயிரம் வேத வார்த்தைகளைக் கொடுக்கிற புத்தகம் அது. ஆனால் பயன்படுத்தும் விதத்தில் கெட்டுப்போகும். ஒரு ஸ்தோத்திரத்துக்கு மூன்று விநாடி என்றால் ஆயிரத்துக்கு ஐம்பது நிமிஷம். ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்கிறவர்கள் 200-ஐத் தாண்டும்போது வேகம் பிடிப்பார்கள். 400-இல் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 700-இல் எத்தனை மீதி என்பது மட்டும்தான் மனதில் இருக்கும். நாளுக்கு நூறு போதும், ஐந்து நிமிஷம், பத்து நாளில் ஒரு சுற்று. ஒவ்வொரு பத்தாவது ஸ்தோத்திரத்திலும் நிறுத்துங்கள். "திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பனே" என்று வந்தால், உங்களுக்குத் தெரிந்த திக்கற்ற பிள்ளை ஒன்றின் முகத்தை நினைத்து, அந்தப் பிள்ளைக்கு அவர் தகப்பனாக இருப்பதற்காக ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு மேலே போங்கள். அப்போது அந்த எண் வரிசைக்குள்ளும் சீகோனும் ஓகும் வந்துவிடுவார்கள்.

பாட்டு பற்றிக் கொஞ்சம். வீட்டு ஜெபத்தில் பாட்டு கெடுவதற்கு முதல் காரணம் சுருதி. யாரோ ஒருவர் தனக்கு வசதியான இடத்தில் பல்லவியைத் தொடங்குவார், சரணத்தில் பாட்டு மேலே ஏறும்போது பாதிப்பேர் வாயை மூடிக்கொள்வார்கள். தொடங்குவதற்கு முன் பாட்டிலேயே உயரமான இடத்தை மெல்ல முனகிப் பாருங்கள். அது சிரமமில்லாமல் வந்தால் அந்தச் சுருதியில் பல்லவியை எடுங்கள். இல்லையென்றால் தாழ்த்திக்கொள்ளுங்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து நமக்கு வந்திருக்கிற கீர்த்தனை வடிவம் வீட்டுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பல்லவி திரும்பத் திரும்ப வருவதால் சரணம் தெரியாதவரும் சேர்ந்துகொள்ளலாம். பல்லவியும் ஒரு சரணமும் போதும், அடுத்த நாள் அடுத்த சரணம். ஏழு சரணத்தையும் ஒரே ராத்திரியில் பாடி முடிப்பது தூங்கி விழுகிற பிள்ளைகளுக்குத் தண்டனை. யூட்யூபில் ஓடவிட்டுக் கேட்பது வேறு, பாடுவது வேறு. கேட்கலாம், சமைக்கும்போது கேட்பது நல்லதும்கூட. ஜெப நேரத்தில் போனை அணைத்துவிட்டு, சுருதி பிசகினாலும் சொந்தக் குரலில் பாட வேண்டும். அடுக்குமாடி வீட்டில் காலை ஐந்து மணிக்கு ஸ்பீக்கர் வைக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து தூங்குகிற பக்கத்து வீட்டுக்காரரும் தேவன் படைத்தவர்தான்.

குடும்ப ஜெபம் மொத்தமாகப் பதினைந்து நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். பாட்டு மூன்று நிமிஷம், ஒரு சங்கீதம் மூன்று, வீட்டுச் சங்கீதம் இரண்டு, ஆளுக்கு ஒரு ஸ்தோத்திர விஷயம் ஐந்து, கர்த்தர் கற்பித்த ஜெபத்தோடு முடிவு. சாப்பாட்டுக்கு முன் வைத்தால் நீளாது, பின் வைத்தால் தூக்கம் வரும். பெரியவர்கள் செய்யும் ஒரு தவறு பிள்ளைகளை இதிலிருந்து விரட்டிவிடும். கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இவன் போனையே பார்த்துக்கொண்டிருக்காமல் படிக்கக் கிருபை தாரும்" என்று ஜெபிப்பது. அது ஜெபம் இல்லை, பதில் பேச முடியாத இடத்தில் வைத்துக் கொடுக்கும் திட்டு. பிள்ளைக்கு அது நன்றாகத் தெரியும். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், அன்று அவன் செய்த ஒரு நல்ல காரியத்தைப் பெயர் சொல்லி, அதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரியுங்கள். "தம்பி இன்றைக்குக் கேட்காமலே தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்தான், ஸ்தோத்திரம்." பதின்வயதுப் பிள்ளை ஒன்றும் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடுங்கள், பதிலை மட்டும் சேர்ந்து சொன்னால் போதும்.

சாப்பாட்டு ஜெபத்தை நாம் ரொம்பவும் குறுக்கிவிட்டோம். ஜெர்மனியின் ஐலன்பர்க் நகரத்தில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற லுத்தரன் போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போர்க் காலம். 1637-இல் அந்த நகரத்தில் கொள்ளைநோய் பரவி ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள், அடக்க ஆராதனை நடத்தி நடத்தியே அவருடைய நாட்கள் போயின, அவர் மனைவியும் அந்த வருஷத்தில் இறந்தார். அவர் வீட்டுப் பந்தியில் சொல்ல எழுதின நன்றி வரிகள்தான் பிறகு உலகெங்கும் சபைகளில் பாடும் பாட்டானது. பந்தியில் சொல்லும் நாலு வரிக்கு அவ்வளவு பாரத்தைத் தாங்க முடியும். நம் வீட்டில் செய்யக்கூடியது, தட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து அதற்குப் பின்னால் நின்றவர்களைச் சொல்வது. உப்பு என்றால் தூத்துக்குடி உப்பளத்தில் வெயிலில் நிற்பவர்கள். அரிசி என்றால் நாற்று நட்ட பெண்கள். மீன் என்றால் விடியுமுன் கடலுக்குப் போனவர்கள். கடைசியாக, அன்று சமைத்தவர். சங்கீதம் 104-இன் 27, 28 வசனங்களை இதோடு சேர்த்துச் சொல்லலாம், இரண்டே வசனம். சமைத்தவர் கடைசியில் தனியாகச் சாப்பிடுகிற வீட்டில், அவருக்காக ஜெபம் சொல்வதோடு அவரையும் உட்கார வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும்.

இப்போது கடினமான பகுதி. துக்க வீட்டில், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள் என்று வேதம் சொல்லுதே, அழாதீங்கக்கா, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று சொல்பவர்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வேதத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்" என்று சொன்னது யோபு. பிள்ளைகளை இழந்தவர் அவர், அவர் சொல்லலாம். அவரைப் பார்க்க வந்த சிநேகிதர் மூவரும் ஏழு நாள் தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. யோவான் 11-ஐப் பாருங்கள். லாசருவின் கல்லறையில் இயேசு பிதாவை ஸ்தோத்திரிக்கிறார், 41-ஆம் வசனம். அதற்கு முன்பே, 35-ஆம் வசனத்தில், கண்ணீர் விட்டுவிட்டார். லாசரு எழும்பப் போகிறான் என்று தெரிந்தும் அழுதார்.

அதனால் துக்க வீட்டுக்குப் போனால் முதலில் உட்காருங்கள். கேட்டால் மட்டும் வாசியுங்கள். வாசிப்பதானால் 13 அல்லது 42. 13-ஆம் சங்கீதத்தில் ஆறே வசனம்தான். "எதுவரைக்கும்" என்று நாலு முறை கேட்டுவிட்டுத்தான் "பாடுவேன்" என்று முடிகிறது. அந்த ஆறு வசனத்தைக் கடக்கச் சிலருக்கு இரண்டு வருஷம் ஆகும். அவர்களுடைய துதி அதுவரைக்கும் முதல் வசனத்தில் நிற்கிறது, அதுவும் வேதத்தில் உள்ள வார்த்தைதான். எல்லாம் இல்லாமற்போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிற ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தின் முடிவை அவர்களுக்கு இப்போதே நீட்ட வேண்டாம். அதை எழுதின தீர்க்கதரிசியும் முதல் அதிகாரத்தில் "எதுவரைக்கும்" என்றுதான் தொடங்கினார். ஆபகூக் இல்லாமற்போனதை எல்லாம் பட்டியல் போட்டதையும் கவனியுங்கள். அத்திமரம், திராட்சச்செடி, ஒலிவமரம், வயல், கிடை ஆடு, தொழுவத்து மாடு. இழப்பையும் அவர் பெயர் சொல்லித்தான் தேவனிடம் கொண்டுபோகிறார்.

துதியை வியாபாரம் ஆக்குவது இன்னொரு பெரிய கேடு. நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினார்கள், சிறைக் கதவுகள் திறந்தன, நீங்களும் துதியுங்கள், உங்கள் விசா வரும் என்கிற பிரசங்கம். அப்போஸ்தலர் 16-இல் கதவு திறந்தது உண்மை. திறந்த பிறகும் அவர்கள் ஓடவில்லை என்பதும் அங்கேயே இருக்கிறது. 12-ஆம் அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் வெளியே கொண்டுவருகிறான், அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யோவானின் சகோதரன் யாக்கோபு பட்டயத்தால் வெட்டுண்டு சாகிறார். யாக்கோபின் துதி குறைவாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? பதிலுக்காகத் துதிக்கிறவர் பதில் வராத அன்று துதியோடு தேவனையும் விட்டுவிடுவார்.

சாட்சி சொல்லும்போதும் கவனம் வேண்டும். "அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன், அது விபத்தில் சிக்கியது, ஆண்டவர் என்னைக் காத்தார்" என்று சபையில் சொல்லும்போது, அந்த பஸ்ஸில் போனவரின் வீட்டார் பின்வரிசையில் இருக்கலாம். தப்பியதற்காகத் துதிக்கத்தான் வேண்டும். மற்றவர்களோடு ஒப்பிடுகிற பாதியை வெட்டிவிட்டு, அவர்களுக்காக ஒரு வரி மன்றாட்டைச் சேர்க்க வேண்டும். லூக்கா 18-இல் பரிசேயன் தேவனை ஸ்தோத்திரித்துத்தான் ஜெபத்தைத் தொடங்கினான், "மற்ற மனுஷரைப்போல" என்று ஒப்பிட்டதில் அந்தத் துதி கெட்டது.

எபிரெயர் 13:15-ஐ எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், உதடுகளின் கனியாகிய ஸ்தோத்திரபலி. அடுத்த வசனத்தை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நன்மைசெய்யவும் தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள், இப்படிப்பட்ட பலிகளின்மேல் தேவன் பிரியமாயிருக்கிறார். இரண்டும் ஒரே பலிபீடத்துக்கு வருகிறவை. வீட்டு வேலை செய்பவருக்குச் சம்பளம் பாக்கி இருக்கும்போது தசமபாகக் கவரை நிரப்பக்கூடாது. கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடு என்று உபாகமம் 24:15 சொல்கிறது. ஒன்றாம் தேதி முதலில் அவர் சம்பளம், பிறகு கவர். காலையில் ஸ்தோத்திரம் சொன்ன அதே வாய் எட்டு மணிக்கு அவரை "நீ, வா, போ" என்று அழைத்தால், துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படக்கூடாது என்கிற யாக்கோபு 3:10 நமக்கு எழுதினதுதான்.

கையால் செய்யும் துதிக்குப் பழைய எளிய வழி பிடியரிசி. மிசோரம் சபைகளில் பெண்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகச் செய்து வருகிறார்கள். உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பாத்திரத்தில் போடுவது. ஒரு பிடி ஏறக்குறைய 35 கிராம். இரண்டு வேளைக்கு மாதம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல் சேரும். அளந்ததற்குப் பிறகு எடுக்க வேண்டும், முன்பு எடுத்தால் நம் பங்கு குறையாது. மூடி உள்ள டப்பாவாக இருக்கட்டும், மாதக் கடைசியில் கட்டாயம் கொடுத்துவிடுங்கள். வைத்திருந்தால் வண்டு விழும், வண்டு விழுந்த அரிசியைக் கொடுப்பது மல்கியா கண்டித்த ஊனமான பலிதான். யாருக்குக் கொடுப்பது என்பதை மாதத் தொடக்கத்திலேயே தீர்மானித்தால் ஒவ்வொரு பிடியும் ஒரு பெயரோடு விழும்.

சபையின் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் "காரணம்" என்று ஒரு கோடு போட்டிருக்கும். நம் சபை வாழ்க்கையில் பெயர் சொல்லித் துதிக்கக் கற்றுத்தருகிற நல்ல இடம் அந்தக் கோடு. பலர் "பல நன்மைகளுக்காக" என்று எழுதிவிடுகிறார்கள். "மாமாவுக்குச் சர்க்கரைப் புண் ஆறியதற்காக" என்று எழுதுங்கள். அதே புண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்த அறிவிப்பைக் கேட்பார். தொகையை வாசிக்காமல் காரணத்தை மட்டும் வாசிக்கும்படி ஆயரிடம் கேட்டுக்கொள்ளலாம். நூறு ரூபாய் போட்டவரின் காரணம் ஐயாயிரம் போட்டவரின் காரணத்தைவிடப் பெரியதாக இருக்கும். இதே காரணங்களை ஒரு நோட்டில் தேதியோடு ஒரு வரியாக எழுதி வந்தால் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் போவதற்கு முன் வீட்டில் வாசிக்க ஒரு வருஷத்துச் சங்கீதம் தயாராக இருக்கும். ஒரு விதி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆளின் பெயரோ பொருளின் பெயரோ இடத்தின் பெயரோ இருக்க வேண்டும்.

இடையில் விட்டுப்போகும். காய்ச்சல் வரும், பரீட்சை வரும், கல்யாண வீட்டு அலைச்சல் வரும், காரணமே இல்லாமலும் பத்து நாள் வாய் திறக்காது. விட்டுப்போன சங்கீதங்களைச் சேர்த்து வாசித்துக் கணக்குத் தீர்க்க முயலாதீர்கள். அந்த மலையைப் பார்த்தே இன்னும் பத்து நாள் போகும். இன்றைய தேதிக்கு உரியதை மட்டும் வாசியுங்கள். அதுவும் முடியாது என்றால் 117. இரண்டே வசனம், கால் நிமிஷம். அதைச் சொல்லிவிட்டு, இன்று நடந்த ஒன்றைப் பெயரோடு சொல்லுங்கள்.